இடது கால் எழுத்து

சிலர் கையில் சாவிக்கொத்து கிடைத்தால் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். சிலர் மேஜையைக் கண்டால் தாளம் போடுவார்கள். அமிர்தவள்ளி கையில் ஒரு துண்டுத் தோல் கிடைத்தால் போதும், அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இன்னா எழுத்து, சொல்லு?" என்று கேட்டுவிடுவாள். பதில் சொல்லாமல் யாரும் நகர முடியாது. அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸைக் கோட்டைவிட்டவர்கள்கூட உண்டு.

ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பெண். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்கு வந்து, இங்கேயே கல்யாணம், இங்கேயே குடித்தனம் என்று ஆகிவிட்டது. கட்டிங் செக்‌ஷனில் அவளுக்கென்று ஒரு மெஷின். தோலை மெஷின் பலகைமேல் விரிக்க வேண்டும். பட்டை எஃகை வளைத்துச் செய்த அச்சு ஒன்று உண்டு, டை என்பார்கள். அதைத் தோல்மேல் வைத்து இரண்டு கையாலும் பொத்தானை அழுத்தினால் மெஷினின் தலை இறங்கி ஒரே மிதி. ஷூவின் ஒரு பாகம் கச்சிதமாக வெட்டுப்பட்டு வந்துவிடும். உடனே டையைப் புரட்டி வைத்து இன்னொரு மிதி. முதலில் வந்தது வலது காலுக்கு, புரட்டி வெட்டியது இடது காலுக்கு. கடையில் யாரும் ஒற்றை ஷூ கேட்பதில்லை, ஆகவே கட்டிங் செக்‌ஷனில் எதுவும் ஒற்றையாகப் பிறப்பதுமில்லை. வலது, இடது, வலது, இடது. பதினான்கு வருஷமாக அவள் கை இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வெட்டியது போக மிஞ்சுகிற தோல் சல்லடை மாதிரி கிடக்கும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அதிலிருந்து ஒரு துண்டு அவள் டிபன் பாக்ஸ் பக்கத்தில் விழுந்தது. பார்த்தால் அசல் 'எ'. யாரும் எழுதவில்லை, யாரும் நினைக்கவில்லை, தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. எதிரே மஹ்பூபி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெட்டின பாகங்களை வலது தனியாக, இடது தனியாகக் கட்டி அனுப்புகிற வேலை அவளுக்கு. அமிர்தவள்ளி அந்தத் துண்டை அவள் சோற்றுக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். மஹ்பூபி ஒரு பார்வை பார்த்தாள், குப்பைக் கூடையில் கையை விட்டாள், ஒரு 'ட' எடுத்து நீட்டினாள். அன்றைக்கு ஆரம்பித்த கூத்துதான்.

பொறுக்கி எடுக்கிற விளையாட்டு சீக்கிரமே செய்து பார்க்கிற விளையாட்டாக மாறியது. அமிர்தவள்ளிக்கு ஒரு பிடிவாதம். ஒவ்வொரு தடவையும் ஒரு சட்டம் போட்டுக்கொள்வாள், அதை மீறமாட்டாள். இரண்டு வெட்டுக்கு நடுவில் மிஞ்சுகிற மெல்லிய கீற்றை மட்டும் வைத்து அ முதல் ன வரை செய்தாள். எல்லாம் எலும்பும் தோலுமாக நின்றன. 'பட்டினி எழுத்து' என்று மஹ்பூபி பேர் வைத்தாள். அடுத்தது குதிகால் பாகத்தை மட்டும் வைத்து. அது உள்ளே இருக்கிற ஓட்டைகூட அடைத்துப்போகும் அளவுக்குப் புசுபுசுவென்று வந்தது. அதற்கு ஆற்காட்டு இனிப்பின் பேர், 'மக்கன் பேடா'. பிறகு ஒரே ஷூ லேஸ், வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, வளைத்து வளைத்தே எல்லா எழுத்தும் வர வேண்டும் என்று ஒன்று. எல்லாம் நன்றாகத்தான் போனது. ஃ வந்ததும் லேஸ் கையை விரித்துவிட்டது. மூன்று புள்ளிக்கு லேஸ் என்ன செய்யும், பாவம். லேஸ் கோக்கிற பித்தளை வளையம் மூன்றை வைத்து அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றிக்கொண்டாள். அதிலிருந்து அவள் எழுத்தில் புள்ளி என்றால் பித்தளை வளையம்தான்.

சூப்பர்வைசர் ஆதிகேசவன் முதலில் முறைத்தார். பிறகு டீக்குப் போகிற வழியில் நின்று ஒரு பார்வை பார்த்தார். பிறகு தானே வந்து, "இன்னிக்கு இன்னாம்மா சட்டம்?" என்று கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டார். ஆனால் சாயந்திரம் ஷிப்ட் முடிந்ததும் துடைப்பம் வரும். பட்டினியும் மக்கன் பேடாவும் ஒரே முறத்தில் அள்ளப்பட்டுக் கழிவு மூட்டைக்குப் போகும். துடைப்பம் வருகிற நேரத்தில் அமிர்தவள்ளி கை கழுவப் போய்விடுவாள்.

அப்படி இருக்கையில்தான் மஹ்பூபி வேலையை விட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூருக்குப் போய் அழகுக்கலை கற்றுக்கொண்டிருந்தவள், ஆம்பூர் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி அறை பிடித்து சொந்தமாகப் பார்லர் வைக்கப் போவதாகச் சொன்னாள். சொன்ன கையோடு இன்னொன்றும் சொன்னாள். வெளியே மாடிப்படி ஓரம் ஒரு நீளப் பலகை, உள்ளே பின்பக்கச் சுவர் முழுக்கப் பேர், இரண்டிலும் வள்ளியின் எழுத்துதான்.

அன்று அமிர்தவள்ளிக்கு வேலையே ஓடவில்லை. வெளிப் பலகை பரவாயில்லை, அண்ணாந்து பார்த்தால்தான் கண்ணில் படும். அந்த உள் சுவர் இருக்கிறதே, அதுதான் சுவர். கல்யாணப் பெண்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுப்பார்கள். நாளைக்கும் இருக்கும், மறுநாளும் இருக்கும், எந்தத் துடைப்பமும் அதைத் தொடாது. இத்தனை வருஷத்தில் அவள் செய்த எழுத்து ஒன்றுகூட ஒரு ராத்திரியைத் தாண்டியதில்லை. வீட்டுக்குப் போனதும் கணவரிடம் இதைச் சொன்னாள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, அப்போ வீட்டு அலமாரியில் கிடக்கிற அட்டைத் துண்டெல்லாம் அங்கே போய்விடுமா என்று ஆசையோடு விசாரித்தார்.

மஹ்பூபியின் தம்பி முஸம்மிலுக்குத்தான் இது ஒப்பவில்லை. பையன் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறான். சொந்த அக்கா கடை திறக்கிறாள், சுவரில் தோல் ஒட்டுகிறாள் என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்? கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கில் ஃபான்ட் வைத்திருக்கிறேன், ஒன்றுகூடப் பிடிக்கவில்லையா என்று கேட்டான். அமிர்தவள்ளி உட்கார்ந்து பொறுமையாக அத்தனையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, எல்லாம் நல்ல பிள்ளைகள்தான், ஆனால் எல்லாரும் யூனிஃபார்ம் போட்டிருக்கிறார்கள் என்றாள்.

"அக்கா, எழுத்துன்னா பஸ்ல போறவன்கூட சட்டுனு படிக்கணும். உன்னுது வெடுகத மாதிரி இருக்குது" என்றான் முஸம்மில்.

"பஸ்ல போறவன் புருவம் எடுத்துக்க வருவானா?" என்று மஹ்பூபி உள்ளேயிருந்து கேட்டாள். அதோடு அந்தப் பஞ்சாயத்து முடிந்தது.

மஹ்பூபி அழகு நிலையம். அமிர்தவள்ளி இதற்குப் போட்டுக்கொண்ட சட்டம் இதுதான்: பெண்களுக்கான ஒரே ஒரு ஷூ மாடலில் இருக்கிற வளைவுகளைத் தவிர வேறு வளைவு எந்த எழுத்திலும் வரக் கூடாது. ம எளிதில் வந்தது. ழவின் வாலுக்கு ஷூவின் நாக்கு அப்படியே பொருந்தியது. கு கொஞ்சம் இடுப்பை ஒடித்துக்கொண்டு நின்றது, பார்லருக்கு அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஹ தான் பேஜார் பண்ணியது. இத்தனை நாள் விளையாட்டில் அந்த எழுத்து அவளுக்குத் தேவைப்பட்டதே இல்லை. அட்டையில் வெட்டுவாள், பார்ப்பாள், நத்தை மாதிரி இருக்கும், கிழிப்பாள். மறுபடி வெட்டுவாள், காது மாதிரி இருக்கும். தோழியின் பேரில் இருக்கிற எழுத்து, ஏனோதானோவென்று விட மனசு வருமா? கடைசியில் குதிகால் வளைவு இரண்டையும் முதுகோடு முதுகாக வைத்து, பக்கிள் மாட்டுகிற பட்டையை நடுவில் ஓடவிட்டபோது ஹ எழுந்து நின்றது. அமிர்தவள்ளி வாய்விட்டுச் சிரித்தாள்.

தோலுக்கு ஆதிகேசவன் உதவினார். கேட்டில் ஒரு விரல் அகலத் தோல் கொண்டுபோவதென்றாலும் சீட்டு வேண்டும். ஏற்றுமதியில் நிறம் சரியில்லை என்று கழித்த மெரூன் தோல் கொஞ்சம் கிடந்தது. மேலதிகாரியிடம் கேட்டுச் சீட்டு வாங்கி, துணிப்பையில் போட்டு, தானே கேட் வரை வந்து கொடுத்தார். அந்த நிறம் இனி வராது, பார்த்து வெட்டும்மா என்றார்.

பார்த்துத்தான் வெட்டினாள். வீட்டில் டை கிடையாது. அட்டையைத் தோல்மேல் வைத்து, கத்தியை ஓரமாக ஓட்டுவதுதான். பலகைக்கும் சுவருக்கும் ஒரே அளவு, ஆக ஒவ்வொரு எழுத்திலும் இரண்டு. டிவியில் ஏதோ ஓடும், கணவர் ஏதோ பேசுவார், கை பாட்டுக்கு வெட்டிக்கொண்டே போகும். வெட்டியதை முகத்தோடு முகம் வைத்து, இரண்டு கட்டாகப் பிரித்துத் துணியில் சுற்றி வைத்தாள். முதல் கட்டைக் கொண்டுபோய் வெளிப் பலகையில் ஒட்டியபோது சந்தே வேடிக்கை பார்த்தது. ஷூவுக்குப் போடுகிற பசை, இனி பிய்த்தால் தோல்தான் கிழியும். முஸம்மில்கூட ஏணியைப் பிடித்துக்கொண்டு, ஹ மட்டும் ஜோர் என்று ஒப்புக்கொண்டான்.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயந்திரம் ஷிப்ட் முடிந்து அமிர்தவள்ளி இரண்டாவது கட்டோடு பார்லருக்கு வந்தாள். சுழல் நாற்காலி வந்திருந்தது. அதற்கு எதிரே சுவரளவுக்குக் கண்ணாடி. முஸம்மில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தான். தரையில் பாய் விரித்து, துணியை அவிழ்த்து, எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ம வைத்தாள். ஏதோ சரியில்லை. அ வைத்தாள். அ அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ழவின் வால் போகக்கூடாத பக்கம் போனது. பியின் கொண்டை தப்பான தோளில் இறங்கியிருந்தது. திருப்பி வைத்துப் பார்த்தாள், தோலின் சொரசொரப்பான பின்பக்கம்தான் மேலே வந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒவ்வொரு எழுத்தையும் ஒரு தடவை வெட்டியிருக்கிறாள். அப்புறம் பதினான்கு வருஷத்துப் பழக்கம், கை தானாக அட்டையைப் புரட்டி வைத்து இன்னொன்று வெட்டியிருக்கிறது. வலது, இடது. போதாக்குறைக்குக் கம்பெனியில் கட்டுகிற மாதிரியே வலது தனியாக, இடது தனியாகக் கட்டி வேறு வைத்திருக்கிறாள். ஒரு எழுத்துகூடத் தப்பாமல், மொத்தக் கட்டும் இடது.

"மஹ்பூ, நான் இடது கால வெட்டி வச்சிருக்கேண்டி" என்றாள்.

மஹ்பூபி வந்து குனிந்து பார்த்தாள். முஸம்மில் ஏணியிலிருந்து இறங்கி வந்து பார்த்தான். மெரூன் தோல் தீர்ந்துவிட்டது. கம்பெனி திங்கட்கிழமைதான் திறக்கும். விடிந்தால் ஆட்கள் வந்துவிடுவார்கள். முஸம்மில் கிண்டல் பண்ணியிருந்தால் அமிர்தவள்ளி தாங்கியிருப்பாள். அவன் நல்ல பையன், கிண்டல் பண்ணவில்லை. "பரவால்ல விடுக்கா. ஒரு மணி நேரம் குடு, ஃப்ளெக்ஸ் அடிச்சி இந்தச் சுவத்துல மாட்டிடறேன்" என்று மெதுவாகச் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. துடைப்பம் இந்த மாடிப்படியும் ஏறி வந்துவிட்டது என்று தோன்றியது. எழுத்துகளைத் துணிக்குள் அள்ளத் தொடங்கினாள்.

மஹ்பூபி அந்தத் துணியைப் பிடித்து இழுத்தாள். ஒரு 'ம'வை எடுத்து, பின்னால் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை ஒட்டி, பின்பக்கச் சுவரின் வலது கோடியில் வைத்து அழுத்தினாள். அதற்கு இடது பக்கம் ஹ். அதற்கும் இடது பக்கம் பூ.

"இன்னா பண்ற?"

"உர்து நான் வலது பக்கத்துலர்ந்துதானே படிச்சேன்? எழுத்து அந்தப் பக்கம் பாத்துக்கினு நின்னா, நாமளும் அந்தப் பக்கத்துலர்ந்து வந்தா போச்சு. இதுக்குப் போய் மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு."

சமாதானத்துக்குச் சொல்கிறாள் என்று அமிர்தவள்ளிக்குத் தெரியும். மனசு ஆறவில்லை. இருந்தாலும் டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாள். வலது கோடியில் தொடங்கிய பேர் இடது கோடியில் 'ம்' என்று முடிந்தது. கடைசிப் பித்தளைப் புள்ளியையும் வைத்துவிட்டு மஹ்பூபி இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய், புது நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். முந்தானையால் விசிறிக்கொண்டாள். விசிறின கை அப்படியே நின்றது.

"வள்ளி, இத நீ யாருக்கு வெட்டின?"

"உனக்குத்தான். இன்னும் குத்திக் காட்டாத."

"எனக்கில்ல. இந்த சேர்ல உக்கார்றவங்களுக்கு வெட்டியிருக்க. வந்து பாரு."

அமிர்தவள்ளி நாற்காலிக்குப் பின்னால் வந்து, மஹ்பூபியின் தலைக்கு மேலாக எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தாள். கண்ணாடிக்குள்ளே பின்பக்கச் சுவர். சுவரில் இடமிருந்து வலமாக, அ முகத்தைக் காட்டி, ழ வாலைச் சரியான பக்கம் நீட்டி, பி கொண்டையைச் சரியான தோளில் போட்டு, நேராக, ஒரு குறையும் இல்லாமல்: மஹ்பூபி அழகு நிலையம். திரும்பிச் சுவரைப் பார்த்தாள், எல்லாம் தலைமாறி நின்றன. கண்ணாடியைப் பார்த்தாள், எல்லாம் ஒழுங்காக நின்றன. மறுபடி சுவர். மறுபடி கண்ணாடி. அப்புறம் இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். எதற்கு இப்படிச் சிரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு கீழ்க்கடைக்காரர் பாதிப் படி ஏறி வந்துவிட்டார். முஸம்மில் மட்டும் சிரிக்கவில்லை. அக்காவை எழுப்பிவிட்டுத் தானே நாற்காலியில் உட்கார்ந்து, ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு ஏணியை மறுபடி போட்டு, விளக்கைக் கண்ணாடிப் பக்கமிருந்து பின்சுவர்ப் பக்கம் திருப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிங் செக்‌ஷனே மாடிப்படியில் நின்றது. உள்ளே வந்த ஒவ்வொருத்தியும் சுவரைப் பார்த்ததும் வாயில் கைவைத்தாள். அய்யோ, எழுத்தெல்லாம் திரும்பி நிக்குதே, யாரும் கவனிக்கலையா என்று அமிர்தவள்ளியின் காதில் ரகசியமாகச் சொன்னாள். மஹ்பூபி ஒரு விளக்கமும் சொல்லவில்லை. கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள், அவ்வளவுதான். உட்கார்ந்தவள் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்ப்பாள், ஒரு கணம் விழிப்பாள், அப்புறம் பல்லெல்லாம் தெரியும். எழுந்தவள் படியில் நிற்கிறவளிடம் ஒன்றும் சொல்லாமல், நீயும் போய் உட்கார் என்று மட்டும் சொன்னாள். இதில் எல்லாருக்கும் ஒரு குஷி.

பெண்கள் பார்லர் என்பதால் ஆதிகேசவன் வாசலோடு நின்றுவிட்டார். மனைவி உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டே திரும்பினார், என்னவென்று கேட்டால் சொல்லவில்லை. மனுஷர் படியில் நின்று தவித்ததைப் பார்க்கச் சகிக்காமல் அமிர்தவள்ளி ஒரு கைக்கண்ணாடியை எடுத்துவந்து கொடுத்து, சுவருக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துவிட்டு, "ஒரு இடது கால்கூட வேஸ்ட் ஆகலயே" என்றார். கட்டிங் சூப்பர்வைசர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

முஸம்மில் வேறொரு கணக்கோடு வந்தான். வெளிப் பலகையிலிருந்த எழுத்தையெல்லாம் போட்டோ எடுத்துவிட்டான். மிச்ச எழுத்துகளையும் அமிர்தவள்ளி அக்கா அட்டையில் வெட்டிக் கொடுத்தால், கம்ப்யூட்டரில் ஏற்றி ஃபான்டாகவே செய்துவிடலாம், பத்திரிகை, பேனர் எதில் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்றான். ஒவ்வொரு எழுத்தாகப் பழக்க வேண்டியிருக்கும், நாளாகும், ஆனால் ஆகும்.

"வலது மட்டும் போதுமா, இடதும் வேணுமா?" என்று அமிர்தவள்ளி கேட்டாள்.

"ஜோடியாவே குடுக்கா. ஊர்ல நெறைய சலூன் இருக்குது" என்றான் அவன்.

கூட்டம் குறைந்ததும் மஹ்பூபி நாற்காலியைத் துடைத்துவிட்டு அமிர்தவள்ளியைக் கூப்பிட்டாள். காலையிலிருந்து எல்லாரும் உட்கார்ந்து பார்த்தார்களே தவிர, இன்னும் ஒரு வேலையும் தொடங்கவில்லை. போணி வள்ளியின் புருவத்தில்தான் என்று மஹ்பூபி தீர்மானமாக இருந்தாள். அமிர்தவள்ளி பிறந்ததிலிருந்து புருவம் எடுத்துக்கொண்டதில்லை. வலிக்குமா என்று கேட்டாள். நூலில் எடுப்பது, முதல் தடவை கொஞ்சம் வலிக்கும், கண்ணில் தண்ணீர்கூட வரும், பயப்படாதே என்று சொல்லிக்கொண்டே மஹ்பூபி மேஜை டிராயரில் நூல்கண்டைத் தேடினாள்.

அமிர்தவள்ளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். நேற்று பின்னால் நின்று பார்த்ததோடு சரி, இதில் உட்காருவது இப்போதுதான். எதிரே கண்ணாடியில் அவள் முகம். முகத்துக்குப் பின்னால், இந்தக் காதிலிருந்து அந்தக் காதையும் தாண்டி, அவள் எழுத்து. நேற்று ஒட்டியது. இன்றைக்கும் இருக்கிறது. கண்ணிலிருந்து தண்ணீர் கடகடவென்று வழிந்தது.

டிராயரைக் குடைந்துகொண்டிருந்த மஹ்பூபி நிமிர்ந்து பார்த்தாள்.

"அடியே, நான் இன்னும் நூலே எடுக்கலடி" என்றாள்.